முயல் கறியும் எண்ணெயும்: சித்தன்னவாசலில் "நம் முன்னோர்" என்ன சாப்பிட்டார்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு இது. நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

பத்து நாளாக ஒரே காணொளியை ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் நான்கு பேர் என்னிடம் படித்தவர்கள். சித்தன்னவாசல் குன்றைப் பின்னால் வைத்துக்கொண்டு, சொட்டு எண்ணெய் விடாமல் முயல் கறி சமைக்கிறார்கள். பண்ணை முயல், மண்சட்டி, மிளகு, வெங்காயம். சமையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கூடவே ஒரு குரல் பேசிக்கொண்டு வருகிறது. நம் முன்னோர் எண்ணெயையே அறியாதவர்களாம். கொழுப்பு கெடுதல் என்று 2000 ஆண்டுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்களாம். அதனால்தான் கொழுப்பில்லாத முயலைத் தேர்ந்தெடுத்துச் சாப்பிட்டு நோயில்லாமல் வாழ்ந்தார்களாம். "உண்மையா சார்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

34 ஆண்டு சரித்திரப் பாடம் நடத்தியவன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

சுருக்கமாகச் சொன்னால், இந்தப் பக்கத்து மக்கள் எண்ணெய் இல்லாமல் முயலைச் சமைத்தார்கள் என்பது உண்மை. அதற்குப் பாட்டிலேயே சான்று இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் மூன்று காரணங்களும் தவறு. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. முதலில் நிலம்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் பக்கம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வந்தால் சித்தன்னவாசல். நீளமாகப் படுத்திருக்கும் பாறைக் குன்று. சுற்றிலும் செம்மண், சரளை, சூரை, காரை, கள்ளி, இலந்தை. கண்மாய்த் தண்ணீர் எட்டுகிற இடத்தில் நெல். எட்டாத மேட்டில் ஒரு காலத்தில் வரகு, கம்பு, கொள்ளு. இன்று கடலையும் தைலமரமும். குன்றைச் சுற்றிப் பெருங்கற்காலத்துக் கல்வட்டங்களும் புதைகுழிகளும் கிடக்கின்றன. அவ்வளவு காலமாக மனிதர் புழங்கிய இடம்.

இந்த மாதிரி மேட்டு நிலத்துக்குச் சங்கப் புலவர்கள் வைத்த பெயர் வன்புலம். தண்ணீர் பாயும் வயல், மென்புலம். வன்புலத்தைச் சொல்ல வேண்டும் என்றால் அவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது முயல். புறநானூற்று 322ஆம் பாட்டில் ஆவூர் கிழார் ஒரு காட்சி காட்டுகிறார். வரகு அறுத்த தாளடியில், கள்ளி மரத்தில் சாய்ந்துகொண்டு சிறுவர்கள் எலிக்குக் காத்திருக்கிறார்கள். வில்லை எடுத்துக்கொண்டு அவர்கள் போட்ட கூச்சலில் மிரண்ட முயல் ஊர் மன்றத்துக்குள் பாய்கிறது. அங்கே இருந்த கருஞ்சட்டிகள் உடைகின்றன. இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பையன்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டதில்லை.

பெரும்பாணாற்றுப்படையில் வேட்டையே வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. எயினர் நாய்களை விட்டுப் புதரைக் கலைக்கிறார்கள். வேலிபோல வலையைத் தொடுத்துக் கட்டியிருக்கிறார்கள். முயல் தப்பிக்க வழியில்லாமல் வளைத்துப் பிடித்து, எல்லாருமாகக் கூடி உண்கிறார்கள். அந்த முயலின் காதுக்குப் புலவர் சொல்லும் உவமை தாமரையின் புற இதழ். நம் அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்களே, இந்த உவமையை மனதில் வைத்துக்கொண்டு ஒருமுறை அதை அண்ணாந்து பாருங்கள். அப்புறம் அந்தப் புற இதழ்கள் முயல் காதாகத்தான் தெரியும்.

2. எப்படிச் சமைத்தார்கள்?

முயல் கறியைச் சமைத்த விதம் புறநானூற்றில் இரண்டு இடத்தில் தெளிவாக வருகிறது.

ஒன்று 34ஆம் பாட்டு. சோழன் கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடியது. நன்றி மறந்தவனுக்கு உய்வில்லை என்ற கருத்து வரும் புகழ்பெற்ற பாட்டு இதுதான். புன்செய் வரகைப் பால் விட்டுச் சமைத்து, தேன் கலந்து, முயல் கறியைச் சுட்டுக் கிழித்து, பாணர்கள் சுற்றத்தோடு இலந்தை மரத்தடி மன்றத்தில் உண்கிறார்கள். அந்தக் கறிக்குப் புலவர் தரும் பெயர் "கொழுஞ்சூடு".

இரண்டாவது 395ஆம் பாட்டு. மதுரை நக்கீரர் பாடியது. பாடப்பட்டவர் பிடவூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன். பிடவூர் இன்றைய திருச்சி மாவட்டத்துத் திருப்பட்டூர் என்பார்கள். நமக்குத் தூரமில்லை. அங்கே வயல் உழவர்கள் மாட்டை மேட்டு நிலத்தில் அவிழ்த்து விட்டுவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்கள். பழைய சோறு. தொட்டுக்கொள்ள முயல் சூடும் அவித்த வாளை மீனும். இங்கே முயலுக்குப் பெயர் "குழைச்சூடு". குழையும்படி சுட்டது என்று பொருள்.

இரண்டிலும் "சூடு" என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்று நமக்குச் சூடு என்றால் வெப்பம். அன்று சுட்ட கறிக்கே அது பெயர். இதோடு "வாட்டு" என்பது தணலில் வாட்டியது. "புழுக்கு" என்பது நீரில் வேக வைத்தது. மூன்றுக்கும் எண்ணெய் வேண்டாம். நெருப்பு போதும், அல்லது நெருப்பும் தண்ணீரும் போதும்.

ஆக, எண்ணெய் இல்லாத முயல் கறி என்பது கற்பனை இல்லை. காணொளிக்காரர் இதுவரை சரி.

3. எண்ணெயை அறியாதவர்களா?

எண்ணெய் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். எள் + நெய். எள்ளை ஆட்டி நெய் எடுக்கத் தெரிந்த பிறகுதானே அந்தச் சொல் பிறக்கும்? குறுந்தொகை 167ஆம் பாட்டில் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் தாளிக்கிறாள். புளித்த தயிரில் குழம்பு. தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. அதற்குச் சொல்லே இருக்கிறது: குய். தாளித்த மணம் வீசும் சமையல் வீடுகளில் இருந்தது. கணவன் "நன்றாக இருக்கிறது" என்று உண்பதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததாகப் பாட்டு முடிகிறது.

எண்ணெயும் நெய்யும் இருந்தன. எல்லார் வீட்டிலும் எல்லா நாளும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

நெய் எவ்வளவு அருமையான பொருள் என்பதற்குப் பிற்காலத்துக் கணக்கு ஒன்று சொல்கிறேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்த செய்தி ஏராளமாக வரும். ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அதாவது நாழியில் கால் பங்கு. அந்த ஓர் உழக்குக்காகப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைத் தானமாக விட்டார்கள். சாவா மூவாப் பேராடு என்பார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கை குறையக்கூடாது என்பது ஏற்பாடு. தினம் ஓர் உழக்கு நெய்க்கு 96 ஆடு! அப்படிப்பட்ட பொருளைப் புன்செய்க் கூலிக்காரர் வீட்டுச் சட்டியில் நீங்கள் தேடலாமா?

இன்று நாம் "பாரம்பரியம்" என்று சொல்லும் கடலெண்ணெயின் கதையும் இதுதான். நிலக்கடலை தென்அமெரிக்கப் பயிர். நம் மண்ணில் பெரிய அளவில் பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான். மிளகாயும் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு வந்ததே. சங்க காலத்து முயலுக்கு உறைப்பு வேண்டுமென்றால் மிளகுதான்.

4. கொழுப்பு கெடுதல் என்று சொன்னார்களா?

இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்த பகுதி. ஏனென்றால் பாட்டுகள் சொல்வது இதற்கு நேர் எதிர்.

34ஆம் பாட்டில் முயல் சூட்டுக்கு என்ன அடைமொழி? "கொழுஞ்சூடு". முயலில் கொழுப்பு மிகக் குறைவு. இருந்தும் அதைப் புகழ வந்த புலவர், கொழுத்தது என்றுதான் புகழ்கிறார். விருந்தைச் சிறப்பிக்க அவர்களிடம் இருந்த பெரிய சொல்லே கொழுமைதான். பொருநராற்றுப்படையில் கரிகாலன் கொடுக்கும் விருந்தைப் பாருங்கள். ஆட்டின் தொடை வேக வைத்தது, கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி. பகலும் இரவும் தின்று தின்று, கொல்லையை உழுத கலப்பையின் கொழுவைப் போலப் பல் மழுங்கிவிட்டதாம். வறுமையிலிருந்து வந்த கலைஞன் கனவு கண்டது கொழுப்பைத்தான்.

கொழு, கொழுமை, கொழிப்பு எல்லாம் செழிப்பைச் சொல்லும் சொற்கள். பிற்பாடு நாம்தான் அதைத் திட்டும் சொல்லாக்கிவிட்டோம். "உனக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு" என்று நானே வகுப்பில் எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன்!

இன்னொரு பாட்டையும் பக்கத்தில் வைக்கிறேன். சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் பாடியது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேக வைக்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டார் கூடி அதைத் தின்கிறார்கள். தமிழில் வறுமையை இப்படிச் சொன்ன இடம் குறைவு.

இந்தப் பாட்டைக் காட்டி, நம் முன்னோர் உப்பைக் குறைத்து இரத்த அழுத்தத்தைத் தடுத்தார்கள் என்று யாராவது காணொளி போட்டால் நமக்குக் கோபம் வராதா? உப்பு இல்லாததால் உப்பில்லாமல் சமைத்தாள். எண்ணெய் இல்லாததால் எண்ணெய் இல்லாமல் சுட்டார்கள். ஒருவருடைய இல்லாமையை எடுத்து, பிற்காலத்தில் நம் வசதிக்கு அதை ஞானம் என்று பெயர் மாற்றுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

5. முயல் மட்டுமே தின்றால் என்ன ஆகும்?

முயலில் கொழுப்பு குறைவு என்பது அறிவியல்படி சரி. அமெரிக்க வேளாண்துறையின் உணவு அட்டவணைப்படி, 100 கிராம் பச்சைக் காட்டு முயல் கறியில் புரதம் ஏறத்தாழ 22 கிராம், கொழுப்பு 2 கிராமுக்குச் சற்று மேல். பண்ணை முயலில் கொழுப்பு ஐந்தரை கிராம். அந்தக் கொழுப்பும் பெரும்பாலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் இருக்கும். சதையோடு கலந்திருக்காது. அதனால்தான் முயல் கறி சீக்கிரம் வறண்டு நாராகிவிடுகிறது.

ஆனால் குறைவு என்பதே நன்மை ஆகிவிடாது. வடதுருவப் பகுதியில் எஸ்கிமோ மக்களோடு வாழ்ந்த வில்யால்மர் ஸ்டெஃபான்சன் என்ற ஆய்வுப் பயணி, அங்கே "முயல் பட்டினி" என்று ஒரு நோய் உண்டு என்று எழுதினார். குளிர்காலத்தில் வேறு ஒன்றும் கிடைக்காமல் முயல் கறியை மட்டுமே தின்பவர்களுக்கு வயிறு நிறைந்தும் பசி அடங்காது. வயிற்றுப்போக்கும் தலைவலியும் சோர்வும் வரும். 1928இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்கள் அவரையே வைத்துச் சோதித்தார்கள். கொழுப்பு நீக்கிய கறியை மட்டும் கொடுத்தபோது இரண்டு மூன்று நாளில் வயிறு கெட்டுப் படுத்துவிட்டார். கொழுப்பைச் சேர்த்துக் கொடுத்ததும் தேறினார். உடம்புக்குச் சக்தி தர வெறும் புரதம் போதாது. கூடவே மாவுச்சத்தோ கொழுப்போ வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்த இரண்டு புறப்பாட்டுகளுக்கு வாருங்கள். 34இல் முயலோடு என்ன இருந்தது? வரகு, பால், தேன். 395இல்? பழைய சோறும் வாளை மீனும். இரண்டிலும் முயல் தனியாக வரவே இல்லை. தட்டில் தானியம்தான் பெரிது, முயல் பக்கத்தில் கொஞ்சம். காணொளியில் சோறே இல்லாமல் ஒரு முழு முயலை ஒருவர் தின்கிறார். அந்தக் காட்சிக்கும் சங்கப் பாட்டுக்கும் சம்பந்தமில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரான்சு, இங்கிலாந்துச் சமையலில் காட்டு முயல் வறண்டுவிடும் என்று பன்றிக் கொழுப்பை நறுக்கி அதன் சதைக்குள் ஊசியால் செருகுவார்கள். வசதி இருந்தபோது அப்படி. இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940 ஜனவரி 8 முதல் இங்கிலாந்தில் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் ரேஷன். முயலுக்கு ரேஷன் இல்லை. கொல்லையில் முயல் வளர்த்து, கிழங்கும் கேரட்டும் போட்டு வேக வைத்து உண்டார்கள். கொழுப்பு கிடைத்தபோது சேர்த்தார்கள், கிடைக்காதபோது இல்லாமல் சமைத்தார்கள். நம் ஊரிலும் அதுவே நடந்தது.

6. முயலைத் தொடாத முன்னோர்

"நம் முன்னோர்" என்று ஒருமையில் பேசுபவர்கள் கேமராவைக் கொஞ்சம் மேலே திருப்பியிருந்தால் போதும். அதே குன்றின் உச்சியில் ஏழடிப்பட்டம் இருக்கிறது. பாறையில் செதுக்கிய 17 படுக்கைகள். சமணத் துறவிகள் படுத்த இடம். பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து. எருமி நாட்டில் பிறந்த ஒருவருக்காக இளையர் என்பவர் அமைத்துக் கொடுத்த இருக்கை என்று சொல்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்தது. அந்தத் துறவிகளுக்கு ஓர் எறும்பைக் கொல்வதும் பாவம். சூரியன் மறைந்த பின் உண்ணாதவர்கள். அவர்களில் சிலர் உணவைப் படிப்படியாக விட்டு உயிர் நீத்தவர்கள்.

கீழே அறிவர் கோயில். 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் இதைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று கல்வெட்டு சொல்கிறது. (ஆசிரியன் என்ற பட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பெருமை. மன்னித்துக்கொள்ளுங்கள்.) அந்தத் தாமரைக் குளத்து ஓவியத்தில் மீனும் பறவையும் எருமையும் யானையும் பயமில்லாமல் இருக்கின்றன. மூன்று மனிதர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பூ.

மேலே கொல்லாமை நோன்பு. கீழே புதர்க்காட்டில் முயல் வலை. இரண்டும் ஒரே நிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. சிலப்பதிகாரமும் இதையே காட்டுகிறது. கோவலனும் கண்ணகியும் சமணத் துறவி கவுந்தியடிகளோடு மதுரைக்குப் போகும் வழியில், நமக்குப் பக்கத்தில் உள்ள கொடும்பாளூர்தான் பாதை மூன்றாகப் பிரியும் இடமாகச் சொல்லப்படுகிறது. மேலே நடந்து களைத்தவர்கள் எங்கே தங்குகிறார்கள்? எயினர் வழிபடும் கொற்றவை கோயிலில். கொல்லாமை நோன்பு கொண்ட துறவி வேட்டுவர் கோயிலில் இளைப்பாறுகிறார். அடுத்த காதையே வேட்டுவ வரி.

ஆகவே என் மாணவர்களுக்கு நான் சொல்வது இது. படுக்கையில் படுத்தவரும் முன்னோர். வலை கட்டியவரும் முன்னோர். விளக்குக்கு 96 ஆடு விட்டவரும் முன்னோர். உப்பில்லாக் கீரைக்குக் கதவைச் சாத்தியவளும் முன்னோர். ஒரே தட்டில் எல்லாரையும் உட்கார வைக்க முடியாது.

7. வகுப்பில் கை தூக்காத பிள்ளைகள்

இதை நான் இவ்வளவு நீளமாக எழுத ஒரு காரணம் உண்டு.

எங்கள் பக்கத்தில் முயல் கறி பல காலம் வசதியில்லாதவர் வீட்டுக் கறி. ஆட்டுக்கறி வாங்கக் காசு இல்லாத வீட்டில், அறுப்பு முடிந்த தாளடியில் எப்போதாவது அகப்படும். பெரியவர்கள் முயலை வைக்கோல் தீயில் முடி போக வாட்டி, மஞ்சள் தடவிக் கழுவுவார்கள். தோல் இருப்பதால் உள்ளே ஈரம் போகாது. பிறகு வெட்டி, அம்மியில் அரைத்த மிளகும் சீரகமும் போட்டு, தண்ணீர் தாராளமாக விட்டுக் கொதிக்க வைப்பார்கள். சிறுநீரகத்தை ஒட்டிய கொழுப்பு இத்தனூண்டு இருக்கும். அதைத்தான் முதலில் சட்டியில் போட்டு உருக்குவார்கள். அன்றைக்குத் தாளிப்பு அதுதான். ஒரு முயல், பத்துப் பேர். கறி ஆளுக்கு இரண்டு துண்டு. மீதியெல்லாம் சாறு. கம்பங்களிக்கும் சோற்றுக்கும் அந்தச் சாறுதான் குழம்பு. "எண்ணெய் இல்லாமல்" என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அது குழம்பு, அவ்வளவுதான்.

"யார் வீட்டில் முயல் சாப்பிட்டிருக்கிறீர்கள்?" என்று 322ஆம் பாட்டை நடத்தும்போது கேட்பேன். சிரித்த பிள்ளைகள் அப்படியே அமைதியாகிவிடுவார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். ஒரு கை எழாது. சொன்னால் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள் என்ற பயம். வருடா வருடம் இதைப் பார்த்திருக்கிறேன். பாட்டியின் சமையலைச் சொல்லக் கூசிய அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பது வயதுக்காரர்கள். அதே சமையல் இப்போது "முன்னோர் உணவு" என்ற பெயரில் நகரத்து உணவகத்தில் நூற்றுக்கணக்கில் விலை போகிறது. அதில் அந்தப் பாட்டிகளின் பசியும் இல்லை, பெயரும் இல்லை. கொழுப்பை வெறுத்தார்கள் என்று ஒரு பொய் மட்டும் சேர்ந்துவிட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவர்களிடம் வாதாட முடியாது. ஆனால் நம் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லலாம்.

8. இன்று சமைக்க விரும்புகிறவர்களுக்கு

முதலில் சட்டம். நம் காட்டில் ஓடுவது காட்டு முயல். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். தென் மாவட்டங்களில் சிவராத்திரியை ஒட்டி நடக்கும் முயல் வேட்டையை வனத்துறை தடுத்துவருவதும் இதனால்தான். புதர்க்காடு போய்த் தைலமரம் வந்த பிறகு முயலைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகிவிட்டது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கறிக்கு விற்பது பண்ணை முயல். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்றாலும் இனம் வேறு. காட்டு முயல் குட்டி கண் திறந்து முடியோடு பிறக்கும். பண்ணை முயல் குட்டி கண் மூடி, முடியில்லாமல் பிறக்கும். இதன் பூர்வீகம் ஸ்பெயின் பக்கம். சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட் போன்ற இனங்கள் இங்கே வளர்க்கப்படுகின்றன. கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பள ஆராய்ச்சி மையத்தில் முயல் வளர்ப்பும் உண்டு.

மருத்துவர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னவர்கள் என்னைப் போலப் பலர் இருப்பீர்கள். எங்கள் வீட்டில் செய்வது இப்படி:

ஒரு கிலோ கறி. முயல் எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடையும். கண்டபடி கொத்தாமல் மூட்டுப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். மிளகு 2 தேக்கரண்டி, மல்லி விதை 2, சீரகம் 1. மூன்றையும் வெறும் சட்டியில் வறுத்து, இஞ்சி, பூண்டு சேர்த்து அரையுங்கள். மண்சட்டியில் கால் கிலோ சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, உப்பு தூவி, இரண்டு கை தண்ணீர் தெளித்து மூடுங்கள். தீ குறைவாக இருக்கட்டும். வெங்காயம் தன் தண்ணீரிலேயே வதங்கும். மஞ்சளும் அரைத்த மசாலாவும் போட்டு, முதலில் தொடைத் துண்டுகளைப் போடுங்கள். கறியே தண்ணீர் விடும். இருபது நிமிடம் கழித்து முதுகுச் சதையைப் போட்டு, இரண்டு டம்ளர் வெந்நீர் விடுங்கள். மொத்தம் ஒரு மணி நேரம். எலும்பிலிருந்து சதை கழன்று வந்தால் ஆயிற்று. தீயைக் கூட்டினால் நார்தான் மிஞ்சும்.

கடைசியில் ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ தேங்காயோ அரைத்து விட்டால் குழம்பு சேர்ந்து வரும். அப்படிச் செய்தால் அது எண்ணெய் இல்லாச் சமையல், கொழுப்பு இல்லாச் சமையல் ஆகாது. கடலையிலும் தேங்காயிலும் கொழுப்பு இருக்கிறது. உடம்புக்குக் கொஞ்சம் வேண்டியதுதான். சோறோ, வரகோ, கேழ்வரகுக் களியோ கூட வைத்துக்கொள்ளுங்கள். கறியை மட்டும் தின்னாதீர்கள்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் இந்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எண்ணெய் இல்லாத நாளில் என்ன சமைத்தீர்கள், ஒரு கறியை எத்தனை பேர் பங்கிட்டீர்கள், எண்ணெய் வாங்கினால் எவ்வளவு, எதில் வாங்கினீர்கள் என்று. அவர்கள் சொன்ன சொல்லிலேயே, ஊர்ப் பெயர் போட்டுக் கீழே எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எடுத்து எழுதி வைக்கப் போகிறேன். அன்னவாசல் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் யாராவது கேட்டு வந்தால், புறநானூற்று 34ஆம் பாட்டோடு சேர்த்து அந்த நோட்டையும் படித்துக் காட்டலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய சரித்திர வாத்தியார்